என் வாயைப் பார்த்து ஏமாறாதீர்கள்

2022 ஆகஸ்டில் ஒரு காலை. பல் தேய்த்துவிட்டு வாய் கொப்பளித்தால், தண்ணீர் இடது ஓரமாக ஒழுகிச் சட்டையை நனைத்தது. தூக்கக் கலக்கம் என்று நினைத்து மறுபடி கொப்பளித்தேன். மறுபடியும் ஒழுகியது. கண்ணாடியைப் பார்த்தேன். வலது பக்கம் நான் இருந்தேன். இடது பக்கம் யாரோ இன்னும் எழுந்திருக்காமல் தூங்கிக்கொண்டிருந்தார். புருவம் தூக்கினால் ஒன்றுதான் ஏறுகிறது. சிரித்தால் பாதிதான் சிரிக்கிறது.

வீட்டில் போட்ட சத்தத்தில் எதிர் ஃப்ளாட்காரர் ஓடி வந்து, "ஸ்ட்ரோக் சார், சந்தேகமே இல்ல" என்று தீர்ப்பு எழுதிவிட்டார். கீழ் வீட்டு அம்மாள் மட்டும் நிதானமாக, "இது முகவாதம். ராத்திரி ஃபேனுக்கு நேரா படுத்திருப்பார்" என்றார். அன்று காலையில் நான் கேட்ட தீர்ப்புகளில் பாதியாவது சரியானது அதுதான்.

நியூரோ டாக்டரிடம் போனோம். ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். உள்ளே நான்கு நிமிடம். "நெத்தியைச் சுருக்குங்க. கண்ணை இறுக்கி மூடுங்க. பல்லைக் காட்டுங்க" என்றார். செய்தேன். செய்ய முடிந்தவரை. எழுதினார். "பெல்ஸ் பால்ஸி. பத்து நாள் மாத்திரை. அப்புறம் வந்து காட்டுங்க."

"சரியாயிடுமா டாக்டர்?"

"பார்க்கலாம்."

அதற்குள் அடுத்தவரின் ஃபைல் மேஜைக்கு வந்துவிட்டது.

அந்த டாக்டர் மோசமானவர் இல்லை. அவர் கண்டுபிடித்தது சரி. எழுதிய மருந்து சரி. நெற்றியைச் சுருக்கச் சொன்னாரே, அது எவ்வளவு புத்திசாலித்தனமான சோதனை என்று பிற்பாடு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். நெற்றிக்கு மூளையின் இரண்டு பாதிகளிலிருந்தும் கட்டளை போகிறது. அதனால் மூளையில் ஒரு பக்கம் ரத்தக்குழாய் அடைத்து வரும் பக்கவாதத்தில், பெரும்பாலும் வாய் கோணினாலும் நெற்றி சுருங்கும். என் நெற்றியும் சுருங்கவில்லை, கண்ணும் மூடவில்லை. அப்படியென்றால் கோளாறு மூளையில் இல்லை, முகத்துக்கு வரும் நரம்பில். ஏழாவது மூளை நரம்பு என்று பெயர். காதுக்குப் பின்னால் எலும்புக்குள் ஒரு குறுகலான பாதை வழியாக அது வெளியே வருகிறது. அங்கே வீங்கிவிட்டால் விரிய இடமில்லை, நசுங்குகிறது. வீக்கத்தைக் குறைக்கத்தான் ஸ்டீராய்டு. அதையும் 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் முழுப் பலன்.

இப்போது நான் சொன்னதைப் படிக்க உங்களுக்கு எவ்வளவு நேரமாயிற்று? அரை நிமிடம்? அந்த அரை நிமிடத்தை அவர் எனக்குத் தரவில்லை.

கண்ணுக்குச் சொட்டு மருந்தும் எழுதியிருந்தார். எதற்கு என்று சொல்லவில்லை. 'வாய்தானே கோணியிருக்கு, கண்ணு நல்லாத்தானே தெரியுது' என்று நான் வாங்கவே இல்லை. மூடாத கண் ராத்திரி முழுக்கக் காய்ந்து கிடக்கும், கருவிழியில் புண் வரலாம், தூங்கும்போது இமையை பிளாஸ்டர் போட்டு மூட வேண்டும் என்றெல்லாம் ஐந்தாம் நாள் கண் மிளகாய்ப் பழமாகச் சிவந்த பிறகு மருந்துக் கடைப் பையன் சொல்லித்தான் தெரியும்.

சரி, கதைக்கு வருகிறேன். என் மச்சினிதான் அந்த அக்குபஞ்சர் இடத்துக்கு அழைத்துப் போனாள்.

அங்கே முக்கால் மணி நேரம். கேட்டுக்கொள்ளுங்கள், முக்கால் மணி நேரம்! இரண்டு கையிலும் நாடி பிடித்தார். தூக்கம் எப்படி, தாகம் எப்படி, புளிப்பு பிடிக்குமா, கோபம் வருமா, எதிலாவது மனசு உடைந்து போனீர்களா என்றெல்லாம் கேட்டார். பல வருடங்களாக என்னை யாரும் இவ்வளவு கேட்டதில்லை, என் மனைவி உள்பட. பிறகு விளக்கினார். உடம்பில் 'ச்சி' என்றொரு சக்தி ஓடுகிறதாம். (நாம் முகத்தைச் சுளித்துச் சொல்லும் ச்சீ அல்ல, இது சீனச் சொல்.) வெளிக்காற்று உள்ளே புகுந்து அது ஓடும் பாதையை அடைத்துவிட்டதாம். கீழ் வீட்டு அம்மாளின் ஃபேன் தியரிதான்! நம்மூர் வாதம் என்பதும் காற்றுதானே. சீனாவும் தமிழ்நாடும் பேசிவைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. எனக்கு உடனே பிடித்துப் போயிற்று.

ஊசி வலிக்குமா என்று பலர் கேட்கிறார்கள். தலைமுடி கனம்தான். குத்தும்போது எறும்பு கடி. அப்புறம் உள்ளே கனமாக, மரத்துப் போன மாதிரி ஒரு இழுப்பு. கன்னத்தில், வாய் ஓரத்தில், தாடைக்கருகில் குத்தினார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒன்று. ஹெகு என்று பெயராம், முகத்து நோய்க்கெல்லாம் அதுதான் என்றார். இருபது நிமிடம் விளக்கை அணைத்துவிட்டுப் படுக்க வைத்தார். நன்றாகத் தூங்கினேன். அது உண்மை, மறைக்கவில்லை.

எழுந்ததும் அவர் சொன்னது: "அந்த மாத்திரையை நிறுத்திடுங்க. ஸ்டீராய்டுங்கறது விஷம்."

பத்து நாள் மாத்திரையில் எட்டு நாள் முடிந்திருந்தது. மிச்சத்தைக் குப்பையில் போட்டேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகாமல் போனதுதான் பிரச்னையே.

மூன்றாவது வாரம் புருவம் அசைந்தது. இரண்டு மாதத்தில் முகம் முழுசாகத் திரும்பி வந்தது. சந்தோஷத்தில் என்ன செய்வதென்று தெரியவில்லை. அக்குபஞ்சர்காரர் செல்போனை நீட்டி, "ரெண்டு வார்த்தை சொல்லுங்க சார், நாலு பேருக்கு உதவும்" என்றார். ரெண்டு வார்த்தையா? நாலு நிமிடம் பேசினேன். பத்திரிகையில் எழுதுகிறவன் என்பதையும் சொல்லிவைத்தேன். அந்த வீடியோவை உங்களில் சிலர் வாட்ஸப்பில் பார்த்திருக்கலாம்.

அன்றைக்கு வெளியே பெஞ்சில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். ஆவடிப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். கூடவே ஒன்பதாவது படிக்கும் மகள், யூனிஃபார்மோடு. அந்தப் பெண்ணுக்கு ஒன்பது வயதிலிருந்து வலிப்பு. மாத்திரை சாப்பிட ஆரம்பித்த பிறகு குறைந்து, கடைசி ஒன்றரை வருடமாக ஒரு தடவைகூட வரவில்லை. பின்னே எதற்கு இங்கே வந்தார்? "கிளாஸ்ல தூங்கித் தூங்கி விழறா சார். மார்க்கெல்லாம் போச்சு. எத்தனை வருஷம் போடணும்னு கேட்டா, கன்டின்யூ பண்ணுங்கங்கறாங்க. ஒவ்வொரு தடவையும் கன்டின்யூ. நாளைக்குக் கல்யாணம்னு வந்தா மாத்திரையோடவா அனுப்பறது?"

உள்ளே அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது இது: வலிப்பு என்பது உடம்பு கழிவை வெளியேற்றும் முயற்சி. மாத்திரை அதை உள்ளேயே அமுக்கி வைக்கிறது. மாத்திரையை இன்றோடு விடுங்கள்.

அந்த அம்மாவுக்குத் தயக்கம். என்னிடம் கேட்டார். "சார், உங்களுக்கு நெஜமாவே இதுலதான் சரியாச்சா?"

நான், "என் வாயைப் பாருங்கம்மா" என்று சொல்லி, முழு வாயும் திறந்து சிரித்தேன். நம்பர்கூடக் கொடுத்துவிட்டு வந்தேன், ஏதாவது சந்தேகம் என்றால் கேளுங்கள் என்று.

பன்னிரண்டாம் நாள் ராத்திரி அந்தப் பெண்ணுக்கு வலிப்பு வந்தது. நிற்கவில்லை. கையில் இரும்புச் சாவியைத் திணித்தார்கள். அக்குபஞ்சர்காரருக்கு போன் செய்தார்கள். "பயப்படாதீங்க, கழிவு வெளியேறுது" என்றார். அரை மணி நேரம் கழித்து, பக்கத்து வீட்டு ஆட்டோவில் போட்டுக்கொண்டு அரசு மருத்துவமனைக்கு ஓடினார்கள். நான்கு நாள் வென்டிலேட்டர். பிழைத்துவிட்டாள்.

எனக்கு இது ஒரு மாதம் கழித்துத்தான் தெரியும். எப்படி இருக்கிறாள் என்று பெருமையாக விசாரிக்க நானே போன் செய்தேன். அந்த அம்மா திட்டவில்லை. "நீங்க நல்லதுக்குத்தான சொன்னீங்க சார்" என்றார்.

அதன் பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். முதலில் என் நோயைப் பற்றி. டென்மார்க்கில் கோபன்ஹேகன் வட்டாரத்தில் பீட்டர்சன் என்ற மருத்துவர், எந்த சிகிச்சையும் இல்லாமல் விடப்பட்ட பெல்ஸ் பால்ஸி நோயாளிகளை 25 வருடம் கவனித்தார். 1701 பேர். 2002-ல் முடிவை வெளியிட்டார். 71 சதவிகிதம் பேருக்கு முகம் தானாகவே முழுசாகச் சரியாகிவிட்டது. 85 சதவிகிதம் பேருக்கு முதல் மூன்று வாரத்துக்குள் அசைவு திரும்ப ஆரம்பித்தது. என் புருவம் எந்த வாரம் அசைந்தது என்று மேலே போய்ப் பாருங்கள்.

ஸ்காட்லாந்தில் 2007-ல் வந்த ஆய்வு ஒன்று. 72 மணி நேரத்துக்குள் ஸ்டீராய்டு ஆரம்பித்தவர்களில், ஒன்பது மாத முடிவில் 94 சதவிகிதம் பேர் முழு குணம். ஸ்டீராய்டு வாங்காதவர்களில் 82 சதவிகிதம் பேர். ஆக, என் முகம் திரும்பியதற்கு முதல் நன்றி உடம்புக்கு. இரண்டாவது, நான் விஷம் என்று குப்பையில் போடுவதற்கு முன்னால் விழுங்கிய எட்டு நாள் மாத்திரைக்கு. ஊசிக்குப் பங்கு இருந்ததா? இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். என் ஒரு முகத்தை வைத்து அதைச் சொல்லவே முடியாது. ஆனால் நான்கு நிமிட வீடியோவில் மொத்தப் புகழையும் ஊசிக்கே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

தானாகச் சரியாகும் நோய்தான் எல்லா வைத்தியர்களுக்கும் சொத்து. தானாகச் சரியாகாத நோய்க்காரர்கள் திரும்பி வந்து வீடியோ கொடுப்பதில்லை.

'அக்குபஞ்சரே மோசடி என்கிறாயா?' என்று உடனே கடிதம் எழுதாதீர்கள். மைக்ரேன் தலைவலிக்கு ஜெர்மனியில் பெரிய ஆய்வு ஒன்று நடத்தி 2006-ல் வெளியிட்டார்கள். தலைவலி வரும் நாட்கள் பாதியாகக் குறைந்தவர்கள், ஊசி குத்திக்கொண்டவர்களில் 47 சதவிகிதம். தினசரி மாத்திரை சாப்பிட்டவர்களில் 40 சதவிகிதம். ஊசி ஒன்றும் தோற்கவில்லை! ஆனால் மூன்றாவதாக ஒரு கோஷ்டி இருந்தது. சீனப் புள்ளிகளை விட்டுவிட்டு, சம்பந்தமில்லாத இடத்தில் மேலோட்டமாகக் குத்தப்பட்டவர்கள். அவர்களிலும் 39 சதவிகிதம் பேருக்குக் குறைந்தது. ஊசி, படுக்கை, இருட்டு, காது கொடுத்துக் கேட்கும் ஒரு மனிதர்... இதில் எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரிக்க முடியவில்லை. பரவாயில்லை. தலைவலிக்காரனுக்குத் தலைவலி குறைந்தால் சரி. பிரிட்டனில் அரசு மருத்துவத்துக்கான வழிகாட்டி நெறிகளிலேயே, மைக்ரேனுக்கு மாத்திரை ஒத்துவராதவர்கள் பத்து முறை வரை ஊசி போட்டுப் பார்க்கலாம் என்று இருக்கிறது. எனக்கு நாளைக்கு மைக்ரேன் வந்தால் நானே போய்ப் படுப்பேன்.

வலிப்பு அப்படி இல்லை. அதற்கும் அக்குபஞ்சர் ஆய்வுகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அறிக்கை 2014-ல் வந்தது. வலிப்புக்கு அக்குபஞ்சரைச் சிபாரிசு செய்ய ஆதாரம் போதாது என்பதுதான் முடிவு. வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால், அடக்கி வைத்திருந்தது மொத்தமாகக் கிளம்பி, நிற்காத வலிப்பாக மாறலாம். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலே அது எமர்ஜென்சி. சாவியும் வேண்டாம், பெருங்காயமும் வேண்டாம். பக்கவாட்டில் படுக்க வைத்து, வாயில் எதையும் திணிக்காமல், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே 108-க்கு போன் போட வேண்டும்.

இங்கே 'சீனப் பாரம்பரியம்' என்று ஒரு பெரிய போர்வையைப் போர்த்துகிறார்கள். ஐயாயிரம் வருடம் என்று ஆரம்பிப்பார்கள். அந்தச் சீனாவில் என்ன நடக்கிறது? பெல்ஸ் பால்ஸி வந்தால் அங்கே சாதாரணமாக ஊசிக்குப் போகிறார்கள், உண்மைதான். ஆனால் பாரம்பரிய மருத்துவமனை என்று போர்டு போட்ட கட்டடத்துக்குள்ளேயே சி.டி. ஸ்கேனும் ரத்தப் பரிசோதனைக் கூடமும் இருக்கின்றன. அங்கே பாரம்பரிய மருத்துவம் படிக்கிறவர் உடற்கூறியலும் சேர்த்துத்தான் படிக்கிறார். டெஸ்ட் எடுக்காதே, மாத்திரையைத் தூக்கிப்போடு என்பது சீனத்திலிருந்து வந்த சரக்கு இல்லை. இங்கேயே தயாரித்து, சீன லேபிள் ஒட்டியது.

அமெரிக்காவையே அக்குபஞ்சர் பக்கம் திரும்ப வைத்த ஒரு கதை உண்டு. 1971 ஜூலையில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டன் பெய்ஜிங் போனபோது அப்பெண்டிக்ஸ் வந்துவிட்டது. ஆபரேஷன் நடந்தது. அவருக்கு ஊசி குத்தியே வலியில்லாமல் ஆபரேஷன் செய்தார்கள் என்று இன்றைக்கும் மேடைகளில் பேசுகிறார்கள். ரெஸ்டன் எழுதியது அதுவல்ல. வழக்கமான மரப்பு ஊசி போட்டு, வழக்கமான ஆபரேஷன். அதற்குப் பிறகு வயிறு உப்பிச் சிரமப்பட்டபோதுதான் முழங்கையிலும் முழங்காலுக்குக் கீழேயும் ஊசி குத்தினார்கள், நிவாரணம் கிடைத்தது. கத்திக்கு ஒரு வேலை, ஊசிக்கு ஒரு வேலை. பெய்ஜிங் டாக்டர்கள் கத்தியை மறைத்துவிட்டு அவரைப் படுக்க வைக்கவில்லை.

இன்னொன்றும் சுற்றுகிறது. பக்கவாதம் வந்தவரின் பத்து விரல் நுனியிலும் ஊசியால் குத்தி ரத்தம் வரவைத்தால் பிழைத்துக்கொள்வார், இது சீன வைத்தியம் என்று. உங்கள் செல்போனுக்கும் வந்திருக்கும். அனுப்பியவர் மேல் உங்களுக்கு மரியாதை இருக்கலாம், ஆனால் அதை அழித்துவிடுங்கள். மூளையில் அடைத்த கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் அவகாசம். விரல் விரலாகக் குத்திக்கொண்டிருந்தால் அதில் பாதி போய்விடும்.

இவ்வளவு திட்டியும் என் கோபம் அக்குபஞ்சர்காரரிடம் மட்டும் தீரவில்லை. பாதிக் கோபம் 'பார்க்கலாம்' சொன்னவரிடமும் 'கன்டின்யூ' சொன்னவரிடமும் இருக்கிறது. அந்தப் பெண் கிளாஸில் தூங்குவது மருந்தின் பக்கவிளைவாக இருக்கலாம். அளவைக் குறைக்கலாம், நேரத்தை மாற்றலாம், வேறு மாத்திரைக்கு மெதுவாக மாறலாம். பொதுவாக இரண்டு வருடம் வலிப்பு வராமல் இருந்தால், சிலருக்கு மாதக்கணக்கில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவதைப் பற்றி யோசிக்கவே செய்வார்கள். அவள் ஒன்றரை வருடம் தாண்டியிருந்தாள். 'இன்னும் ஆறு மாசம் பொறுங்கம்மா, அப்புறம் பேசுவோம்' என்று யாராவது ஒருத்தர் சொல்லியிருந்தால் அந்த அம்மா இரண்டு பஸ் மாறி வந்திருக்கவே மாட்டார். வாசலில் கூட்டம், ஒரு டாக்டர் எத்தனை பேரைப் பார்ப்பார் என்பீர்கள். தெரியும். அரசு மருத்துவமனையில் அது நியாயமான பதில். ஒரு சீட்டுக்குக் கட்டுக்கட்டாக வாங்கும் இடத்தில் அது பதிலாகாது. உங்களிடம் வந்த நோயாளியை நாலே நிமிடத்தில் வெளியே தள்ளினால், வெளியே முக்கால் மணி நேரத்தோடு ஒருவர் காத்திருக்கிறார் டாக்டர். நோயாளியை அவரிடம் அனுப்பிவைப்பது நீங்கள்தான்.

நாமும் கொஞ்சம் கூச்சப்படாமல் இருக்கலாம். இது என்ன நோய், மருந்து எதற்கு, எத்தனை நாள், விட்டால் என்ன ஆகும் என்று துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போய் நியூரோ டாக்டர் மேஜையில் வையுங்கள். முறைப்பார். முறைக்கட்டும். அதே சீட்டை ஊசிக்காரரிடமும் வையுங்கள். ஊசிக்குப் போகிறேன் என்பதை டாக்டரிடம் மறைக்காதீர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் முக்கியமாக. 'மாத்திரையை நிறுத்து' என்று ஊசிக்காரர் சொன்னால், 'இதை உங்க லெட்டர்ஹெட்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க, எழுதினவர்கிட்ட காட்டிக் கேட்டுக்கறேன்' என்று சொல்லிப் பாருங்கள். நான் சொல்லிப் பார்த்தேன், போன வருடம், அந்த அம்மாவுக்காகப் போனபோது. "நாங்க எழுதித் தர்ற வழக்கமில்ல சார்" என்றார்.

வீடியோவை எடுக்கச் சொன்னேன். அவருடைய பக்கத்திலிருந்து எடுத்துவிட்டார். ஆனால் அது அதற்குள் எத்தனையோ செல்போனுக்குப் போயிருந்தது. போன வாரம் திருப்பூரிலிருந்து ஒருவர், என் நம்பரை எப்படியோ பிடித்துவிட்டார்.

"சார், முகவாதம் சரியானது நீங்கதானே? எங்கப்பாவுக்குப் பார்க்கின்சன். மாத்திரையை நிறுத்தலாமான்னு கேக்கறதுக்காக..."

"மாத்திரை கையில இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கு சார்."

"இன்னிக்குப் போடற வேளைக்குப் போட்டாச்சா?"

இல்லை என்றார். முதலில் அதைக் கொடுத்துவிட்டு வாருங்கள், நான் லைனிலேயே இருக்கிறேன் என்றேன்.